துடுப்பை ஓரம் வைத்த ஓலே எவின்ரூட்: மாமல்லபுரம் கரைவரை வந்த படகு இன்ஜினின் கதை

கோவளம் தொடங்கி நெம்மேலி, தேவனேரி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வழியாக ஆலம்பரைக்குப்பம் வரை செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் ஒரு இன்ஜின். சற்றுத் தள்ளி, முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் சுற்றுலாத் துறையின் வேகப்படகுகள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பாய்கின்றன. அவற்றின் பின்னாலும் ஒரு இன்ஜின்.

மீன்பிடிப் படகும் உல்லாசப் படகும் வேறு வேறு உலகம். ஆனால் இரண்டுக்கும் அடிப்படையில் இருப்பது ஒரே யோசனைதான்: இன்ஜினைப் படகின் வயிற்றுக்குள் கட்டாமல், பின்னால் மாட்டி, வேண்டியபோது கழற்றிக்கொள்ளலாம். இந்த யோசனையைச் சாதாரண மனிதர் கைக்காசு கொடுத்து வாங்கும் பொருளாக மாற்றியவர்களில் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். சொந்தப் பெயரையே விற்றுவிட்டு, பிறகு அந்தப் பெயரோடு சந்தையில் போட்டி போட்டு ஜெயித்தவர். யார் இவர்? இவரது யோசனை இந்தக் கரையில் என்ன ஆச்சு?

யார் இந்த எவின்ரூட்?

1877 ஏப்ரல் 19 அன்று நார்வேயில் பிறந்தார் ஓலே. அவருக்கு 5 வயதானபோது, 1882இல், குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், ரிப்ளி ஏரிக்கரையில் விவசாயம். பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. சில வகுப்புகளோடு நிறுத்திவிட்டு வயல் வேலைக்கு வந்துவிட்டார். ஆனால் எதையாவது பிரித்துப் போட்டு மாட்டுவது மட்டும் ரொம்பப் பிடிக்கும்.

பதின்ம வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு பாய்மரப் படகு செய்யத் தொடங்கினார், அப்பா கண்டுபிடித்து அதை அடுப்பில் போட்டுவிட்டார், மறுபடியும் ஒளிந்து செய்து முடித்தார் என்று ஒரு கதை அந்த ஊரில் சொல்லப்படுவது உண்டு.

16 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி மாடிசன் நகரத்துக்குப் போனார். விவசாய இயந்திரக் கம்பெனியில் வேலை. பிறகு பிட்ஸ்பர்க் இரும்பு உருட்டாலை, சிகாகோ பட்டறைகள் என்று சுற்றினார். 1900 வாக்கில் மில்வாக்கிக்கு வந்தபோது, கைதேர்ந்த மாதிரிச் செய்நராக ஆகியிருந்தார். வார்ப்படம் ஊற்றுவதற்கு முன்பு, அந்தப் பொருளை அச்சு அசலாக மரத்தில் செதுக்கித் தருகிற வேலை அது. அரை மில்லிமீட்டர் பிசகினால் வார்ப்பே வீண். தச்சரின் கையும் பொறியாளரின் கணக்கும் சேர்ந்தால்தான் இந்த வேலை வரும்.

பெட்ரோல் இன்ஜின் அப்போதுதான் புதுசு. ஓலே கூட்டாளிகளோடு சேர்ந்து கார்களுக்கான சிறு இன்ஜின்களைச் செய்து பார்த்தார். கூட்டு வியாபாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. வேலை தெரியும், வியாபாரம் தெரியாது. அந்தக் குறையை ஈடுகட்டியவர், பக்கத்தில் குடியிருந்து பின்னர் மனைவியான பெஸ் கேரி.

ஐஸ்கிரீம் கதை உண்மையா?

எவின்ரூட் பெயரைச் சொன்னாலே அமெரிக்காவில் சொல்லப்படும் கதை இது. 1906 ஆகஸ்ட் மாதம், கொளுத்தும் வெயில். நண்பர்களோடு மில்வாக்கிக்கு அருகிலுள்ள ஓகௌச்சி ஏரியில் ஒரு தீவுக்கு உல்லாசப் பயணம். பெஸ்ஸுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை வந்தது. ஓலே துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய், வாங்கிக்கொண்டு திரும்பினார். போக 4 கிலோமீட்டர், வர 4 கிலோமீட்டர். வந்து சேர்வதற்குள் ஐஸ்கிரீம் உருகிப்போச்சு. துடுப்புக்குப் பதிலாக இன்ஜின் இருந்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் வந்ததாம்.

கதை இனிப்பாக இருக்கிறது. ஆனால் ஒரு இன்ஜின் ஒரே மத்தியானத்தில் பிறந்துவிடாது. சிறு இன்ஜின்களோடு பல வருஷம் மல்லுக்கட்டிய அனுபவம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. தவிர, இந்த யோசனையில் அவர் முதல் ஆளும் இல்லை. கேமரன் வாட்டர்மேன் என்ற அமெரிக்கர் 1905இலேயே படகின் பின்னால் மாட்டும் பெட்ரோல் இன்ஜினைச் செய்து, எவின்ரூட்டுக்கு முன்பே விற்கவும் தொடங்கிவிட்டார்.

அப்படியானால் எவின்ரூட் செய்தது என்ன?

மூன்று பிரச்சினைகளுக்கு ஒரே வடிவத்தில் தீர்வு கண்டார். அந்த வடிவம்தான் நூறு வருஷத்துக்கு மேலாகியும் மாறாமல் நிற்கிறது.

ஒன்று, இன்ஜின் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். விசிறி தண்ணீருக்குக் கீழே சுற்ற வேண்டும். இன்ஜினிலிருந்து ஒரு ஷாஃப்ட் செங்குத்தாகக் கீழே இறங்கும். அடியில் சாய்வுப் பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைப் படுக்கைவாட்டில் திருப்பி விசிறிக்குக் கொடுக்கும்.

இரண்டு, திசை திருப்புவது. சுக்கான் தனியாகத் தேவையில்லை. இன்ஜினையே இடம் வலமாகத் திருப்பினால், விசிறி தள்ளும் தண்ணீரின் திசை மாறும், படகும் திரும்பிவிடும்.

மூன்று, மாட்டுவதும் கழற்றுவதும். படகின் பின்பலகையில் திருகுப் பிடியால் இறுக்கினால் போதும். சாயங்காலம் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

1907இல் முதல் மாதிரி தயாரானது. பார்ப்பதற்குக் காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் மாதிரி இருக்கிறது என்று பெஸ் கேலி செய்தாராம். மில்வாக்கி நகர ஆற்றில் சோதனை நடந்தது. தண்ணீரில் ஓடியதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு நாள் இரவல் வாங்கிப் போனவர், திரும்பி வரும்போது 10 இன்ஜினுக்கு ஆர்டரோடு வந்தார்.

1909இல் விற்பனை முறையாகத் தொடங்கியது. ஒரே சிலிண்டர், ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 28 கிலோ, விலை 62 டாலர். மேலே இருக்கும் ஃப்ளைவீலின் குமிழைப் பிடித்துக் கையால் சுத்தித்தான் இயக்க வேண்டும். அசந்தால் விரல் முட்டி பெயர்ந்துவிடும். 1911இல் காப்புரிமை கிடைத்தது.

கணக்கும் விளம்பரமும் பெஸ் கையில்

1906 கடைசியில் இருவருக்கும் கல்யாணம். அடுத்த வருஷம் மகன் ரால்ஃப் பிறந்தான். வணிகப் படிப்பு படித்திருந்த பெஸ், குழந்தையையும் பார்த்துக்கொண்டு கம்பெனியின் கடிதங்கள், கணக்கு, விளம்பரம் எல்லாவற்றையும் தானே எழுதினார். துடுப்பு போடாதே, அதைத் தூக்கிப் போடு என்ற பொருளில் அவர் எழுதிய சிறு விளம்பரம் அமெரிக்கா முழுக்கப் பரவியது.

வெளிநாட்டிலிருந்தும் கடிதங்கள் வந்தன. நியூயார்க்கில் ஏற்றுமதித் தொழில் செய்த டென்மார்க்காரர் ஓலுஃப் மிக்கெல்சென், இந்த இன்ஜினை ஸ்காண்டிநேவியாவுக்கு அனுப்பினார். அங்கே வாங்கியவர்கள் உல்லாசப் பயணிகள் அல்ல, சிறு படகு மீனவர்கள். ஏரியில் பொழுதுபோக்கத் தொடங்கிய இயந்திரம் பிழைப்புக்கான கருவியாக மாறியது இப்படித்தான்.

சொந்தப் பெயரை விற்றவர்

வியாபாரம் ஓஹோவென்று போன நேரத்தில் பெஸ்ஸின் உடம்பு படுத்துவிட்டது. பகலும் இரவும் வேலை பார்த்ததில் களைத்துப்போயிருந்தார். கம்பெனியா, மனைவியா என்ற கேள்வி வந்தபோது ஓலே அதிகம் யோசிக்கவில்லை. 1914இல் தன் பங்கைக் கூட்டாளி கிறிஸ் மேயரிடம் 1,37,500 டாலருக்கு விற்றார். ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: ஐந்து வருஷம் இந்தத் தொழில் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது.

பங்கு போனது ஒரு புறம் இருக்கட்டும். 'எவின்ரூட்' என்ற பெயரும் கூடவே போய்விட்டது. இனி அந்தப் பெயரில் இன்ஜின் விற்கும் உரிமை அவருக்கே இல்லை.

குடும்பத்தோடு அமெரிக்காவைச் சுற்றினார். பெஸ் தேறினார். ஆனால் மாதிரிச் செய்நரின் கை சும்மா இருக்குமா? பழைய இன்ஜினில் அவரை உறுத்தியது எடை. இரும்பும் வெண்கலமுமாக இருந்ததை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடப்பது சிரமம். அதிர்வும் அதிகம். அலுமினியத்தைப் பயன்படுத்தி, எதிரெதிராக இரண்டு சிலிண்டர் வைத்துப் புதிய வடிவம் வரைந்தார். எடை சுமார் 22 கிலோ, சக்தி 3 குதிரைத்திறன். அதாவது முதல் இன்ஜினைவிட எடை குறைவு, சக்தி இருமடங்கு.

நிபந்தனைக் காலம் முடிந்ததும் நேர்மையாகப் பழைய கூட்டாளியிடமே இதைக் கொண்டுபோனார். மேயர் வேண்டாம் என்றுவிட்டார். ஓடுகிற சரக்கு கையில் இருக்கும்போது புதுசு எதற்கு என்ற கணக்கு.

அந்த மறுப்பிலிருந்து பிறந்ததுதான் 'எல்டோ'. எவின்ரூட்டின் இலகு இரட்டை அவுட்போர்டு என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து பெஸ் வைத்த பெயர் என்பார்கள். சொந்தப் பெயரைப் போட முடியாதவர், அதன் முதல் எழுத்தை மட்டும் உள்ளே ஒளித்து வைத்துக்கொண்டார். 1920களின் தொடக்கத்தில் எல்டோ சந்தைக்கு வந்தது. அவர் பெயரைத் தாங்கிய பழைய கம்பெனி, அவரே செய்த புது இன்ஜினோடு போட்டி போட முடியாமல் திணறியது.

வேகம் வந்த காலம்

1920களில் அவுட்போர்டு படகுப் பந்தயம் ஒரு மோகமாகவே ஆனது. ஜான்சன் சகோதரர்கள் இன்னும் வேகமான இன்ஜின்களோடு களத்தில் இறங்கினார்கள். எல்டோ விடவில்லை. 1928இல் நான்கு சிலிண்டர் கொண்ட 'குவாட்' வந்தது. ஒன்றரைக் குதிரைத்திறனில் தொடங்கிய பயணம், இருபது வருஷத்துக்குள் அதைப் போலப் பத்து மடங்கைத் தாண்டிவிட்டது. இன்றைய அதிவேக மோட்டார் படகு இன்ஜின்களின் வம்சாவளியை எழுதினால் இந்தப் பத்தாண்டில்தான் தொடங்க வேண்டும்.

1929இல் பழைய எவின்ரூட் கம்பெனி, எல்டோ, லாக்வுட் மூன்றும் ஒன்றாக இணைந்தன. இணைப்பை முன்னின்று நடத்தியவர் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்ஜின் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்டீபன் பிரிக்ஸ். தலைவராக அமர்ந்தவர் ஓலே. 15 வருஷம் கழித்து அவர் பெயர் அவரிடமே திரும்பி வந்தது.

அனுபவிக்கத்தான் நேரம் இல்லை. அதே ஆண்டு பங்குச்சந்தை சரிந்து, பெருமந்தம் தொடங்கியது. 1933 மே மாதம் பெஸ் இறந்தார். அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 12 அன்று ஓலேயும் காலமானார். வயது 57. மகன் ரால்ஃப் பொறுப்பேற்று, சில ஆண்டுகளில் ஜான்சன் கம்பெனியையும் இணைத்துக்கொண்டார்.

தமிழ்நாட்டுக் கரைக்கு இன்ஜின் வந்தது எப்படி?

சோழமண்டலக் கரையில் நூற்றாண்டுகளாக ஓடியது கட்டுமரம். இலேசான மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிய மிதவை. உடைந்து விழும் அலையைத் தாண்டிப் போக அதைவிடக் கெட்டியான வாகனம் இல்லை. அலை மேலே ஏறினாலும் தண்ணீர் வழிந்து போய்விடும், கவிழ்ந்தாலும் முழுகாது. ஓட்டத்துக்குத் துடுப்பும் பாயும்தான். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றின் குணம் பார்த்துத்தான் கடலுக்குப் போக முடியும்.

இந்தியாவில் மீன்பிடிப் படகுக்கு இன்ஜின் பொருத்தும் பெரிய முயற்சிகளில் ஒன்று, 1952இல் கையெழுத்தாகி 1953இல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்திய–நார்வே திட்டம். ஓலே பிறந்த அதே நார்வே. ஆனால் அங்கே வளர்ந்தது உள்ளே இன்ஜின் பொருத்திய படகுகள். பின்னாளில் இழுவைப் படகுகள். தமிழ்நாட்டிலும் விசைப்படகுகள் பெருகின. கரையோர மீனுக்கு விசைப்படகும் கட்டுமரமும் மோதிக்கொண்டன. துடுப்பு போடுகிறவர், இன்ஜின் வைத்தவரோடு எப்படிப் போட்டி போடுவார்? 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல் தூரத்தை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது.

சட்டம் ஒரு பக்கம். மீன் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது இன்னொரு பக்கம். நாட்டுப்படகுக்கும் இன்ஜின் வேண்டும் என்ற நிலை 1980களில் வந்தது. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மண்ணெண்ணெயில் ஓடும் அவுட்போர்டு இன்ஜின்கள் வேகமாகப் பரவின. எவின்ரூட் வரைந்த அதே செங்குத்து வடிவம்.

மாமல்லபுரம் கரையின் தனிப் பிரச்சினை

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, செங்கல்பட்டு மாவட்டக் கரையில் பெரிய மீன்பிடித் துறைமுகம் கிடையாது. திறந்த மணற்கரை. படகு அலையை உடைத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். திரும்பும்போது மணலில் ஏறி நிற்க வேண்டும். இந்த இடத்தில்தான் இன்ஜினுக்குச் சோதனை. ஆழம் இல்லாத தண்ணீரில் விசிறி தரையில் இடிக்கும். அலை உடையும் நொடியில் இன்ஜின் நின்றுவிட்டால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். போதாக்குறைக்குக் கட்டுமரத்தில் இன்ஜினை மாட்டுவதற்குப் பின்பலகையே இல்லை.

ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. கரையிறங்கும் படகுகளை வடிவமைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. தரை தட்டும்போது விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்போடு டீசல் இன்ஜின் படகுகளை அது கிழக்குக் கரையில் சோதித்தது. அந்தப் பணியில் இருந்த படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரான்சென், இன்னொரு நார்வேக்காரர்.

கடைசியில் இந்தக் கரையில் நிலைத்தது எது? நீண்ட வால் இன்ஜின். தாய்லாந்து ஆறுகளில் பழக்கமானது. சிறிய டீசல் இன்ஜினைப் படகின் பின்புறத்தில் உட்காரவைத்து, நீளமான ஷாஃப்டின் நுனியில் விசிறி. கைப்பிடியை அழுத்தினால் விசிறி தண்ணீரைவிட்டு மேலே வந்துவிடும். மணலோ வலையோ வந்தால் ஒரு நொடியில் தூக்கிவிடலாம். சுமார் 10 குதிரைத்திறன். பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். பல்சக்கரப் பெட்டி இல்லை என்பதால் கெட்டுப்போகும் பாகமும் குறைவு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தபோது, கட்டுமரம் பின்னுக்குப் போய் இந்த ஜோடி நிலைத்துவிட்டது.

வடிவம் எவின்ரூட்டினுடையது அல்ல. ஆனால் கேள்வி அவருடையதுதான்: படகு வைத்திருக்கும் ஆள் தானே தூக்கி, மாட்டி, சரிசெய்யக்கூடிய இன்ஜின் எது?

வேகத்தின் விலை என்ன?

தண்ணீரில் வேகம் மலிவாகக் கிடைக்காது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் சாதாரண படகுக்கு, வேகம் இருமடங்காக வேண்டுமானால் சக்தி கிட்டத்தட்ட எட்டு மடங்கு வேண்டும். அதாவது கடைசி ஓரிரு மைல் வேகத்துக்காகத்தான் டேங்கில் இருப்பதில் பெரும்பங்கு கரைகிறது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைத்தாலே செலவு கணிசமாகக் குறையும். சிறு படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி குல்பிரான்சென் 1986இல் எழுதிய கையேட்டின் முக்கிய அறிவுரையும் இதுதான்.

துடுப்புக்குச் செலவு கிடையாது. பாய்க்குக் காற்று இலவசம். இன்ஜின் வந்தபின் ஒவ்வொரு பயணமும் எரிபொருள் கணக்கோடுதான் தொடங்குகிறது. மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் டீசல் டீசல்தான். அரசு மானிய விலையில் எரிபொருள் கொடுத்தாலும், பாடு குறைந்த நாளில் அது கடனாக நிற்கும். தோள்வலியைத் தீர்த்த இயந்திரம், தலைவலியை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருக்கிறது.

எவின்ரூட் பெயர் இப்போது எங்கே?

ரால்ஃப் வளர்த்த கம்பெனி உலகச் சந்தையைப் பல பத்தாண்டுகள் ஆண்டது. 1960இல் ஜப்பானின் யமஹா முதல் அவுட்போர்டை வெளியிட்டது. ஹோண்டா நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினைக் கொண்டுவந்தது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் எரியாத எண்ணெயும் பெட்ரோலும் ஒரு பங்கு தண்ணீரிலேயே கலக்கும். சுற்றுச்சூழல் விதிகள் இறுக இறுக, சந்தை நான்கு ஸ்ட்ரோக் பக்கம் சாய்ந்தது. 2000இல் ரால்ஃபின் கம்பெனி திவாலானது. கனடாவின் பம்பார்டியர் வாங்கி, நேரடி எரிபொருள் தெளிப்பு முறையோடு எவின்ரூட் இன்ஜினுக்குப் புத்துயிர் கொடுத்தது. அந்தப் பிரிவிலிருந்து உருவான பிஆர்பி நிறுவனம் 2020 மே மாதம் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

மறுபுறம், 2021இல் மெர்க்குரி நிறுவனம் 12 சிலிண்டர், 7.6 லிட்டர், 600 குதிரைத்திறன் அவுட்போர்டை வெளியிட்டது. எவின்ரூட்டின் முதல் இன்ஜினைப் போல 400 மடங்கு சக்தி. எடை 500 கிலோவுக்கு மேல். இத்தனை பெரிய இன்ஜினை முழுசாகத் திருப்ப முடியாது என்பதால், அடியில் உள்ள விசிறிப் பகுதி மட்டும் திரும்பும். அதைத் தூக்க கிரேன் வேண்டும். பிரிக்க கம்ப்யூட்டர் வேண்டும்.

உல்லாசப் படகுக்கும் கடலோரக் காவல் படகுக்கும் அந்தச் சக்திக்குத் தேவை இருக்கிறது. ஆனால் மணலில் ஏறி நிற்கும் படகுக்கு அளவுகோல் வேறு. எவின்ரூட் தன் வாழ்க்கையில் இரண்டு முறை சந்தையை வென்றார். முதல் முறை கழற்றி மாட்டும் வசதியால்; இரண்டாம் முறை எடைக் குறைப்பால். மின்சார அவுட்போர்டு, சூரிய சக்திப் படகு என்று அடுத்த தலைமுறை வரத் தொடங்கியிருக்கிறது. செங்கல்பட்டுக் கரையில் அவற்றின் தலையெழுத்தைத் தீர்மானிக்கப்போவது குதிரைத்திறன் மட்டும் அல்ல. அலையைத் தாண்டும்போது கைவிடாமல் இருக்கிறதா, மணலைத் தாங்குகிறதா, ஒரு நாள் பாட்டில் அதன் செலவு போக மிச்சம் நிற்கிறதா என்ற மூன்று கேள்விகள்தான்.